ஏரிக்கரையில் அகப்பட்ட குண்டூசி

தெருவிளக்குத் துறையின் அதிகாரி விடுமுறையில் மலைக்குப் போனார். போகும்போது பெட்டியோடு போனவர், வரும்போது தாடியோடும் மெதுவான பேச்சோடும் வந்தார். வந்த வாரமே ஆணை பிறந்தது: "ஊழியர் அனைவரும் தனித்துப் பயணம் மேற்கொண்டு, தம்மைத் தாமே அறிந்து, அறிந்த நிலையிலேயே பணிக்குத் திரும்புதல் வேண்டும். அறியாமல் திரும்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

முதல் ஆளாகப் புகார்ப் பிரிவு எழுத்தரை அனுப்பினார்கள். அலுவலகத்தில் அவருக்குக் குண்டூசி என்று பெயர். வருகிற புகாரை முந்தைய புகாரோடு சேர்த்துக் குத்திவைப்பதோடு அவர் கடமை முடிந்துவிடும். விளக்கு எரிவதும் எரியாததும் விளக்கின் பாடு.

"என்னை அறிஞ்சுக்கிட்டு வரணுமாம்," என்றார் மனைவியிடம், சட்டையை மடித்தபடி.

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? எங்கிட்ட கேட்டா உக்காந்த இடத்துலயே சொல்லிட மாட்டேனா?"

"நீ சொன்னா ஆபீஸ்ல செல்லாது."

போன ஊரில் ஒரு ஏரி. ஏரிக்கரையில் சிந்திப்பதற்கென்றே ஒரு பாறை. பாறைக்கு முன்னால் நீண்ட வரிசை. நின்ற அத்தனை பேரும் ஏதோ ஓர் அலுவலகம் அனுப்பியவர்கள். அதிகாரிகளிடையே இந்த மோகம் அம்மை மாதிரிப் பரவியிருந்தது. காவலாளி விசில் ஊதினால் ஒருவர் எழுந்திருக்க, அடுத்தவர் உட்கார்ந்து தனக்குள்ளே பார்க்கலாம்.

குண்டூசி கண்ணை மூடித் தனக்குள்ளே பார்த்தார். அங்கே பசி இருந்தது. அதைத் தாண்டிப் போவதற்குள் விசில் ஊதிவிட்டது.

விடுதியில் சாப்பிடும்போது எதிரே ஒரு வழுக்கைத்தலைக்காரர். பேச்சுக் கொடுத்ததில் ஒரே ஊர் என்று தெரிந்தது. அவ்வளவுதான், மனுஷர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"எங்க தெரு விளக்கு செத்துக் கிடக்கு சார். அம்மா இருட்டுல பள்ளத்துல விழுந்து இடுப்பு போச்சு. எத்தனை தடவை எழுதிக் கொடுத்தேன்! அங்க ஒரு ஆளு இருக்கான். மூஞ்சியைத் தூக்கியே பாக்க மாட்டான். வாங்கி வாங்கிக் குத்தி வச்சுக்குவான். அவனையெல்லாம் எவன் பெத்தானோ!"

அவர் இதுவரை பார்த்ததெல்லாம் குண்டூசியின் உச்சந்தலையைத்தான். அதனால் அடையாளம் தெரியவில்லை. குண்டூசியோ பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"நீங்க எந்த ஆபீஸ் சார்?"

"வெளிச்சம்... வெளிச்சம் சம்பந்தப்பட்டது."

"ஆன்மிகமா! கொடுத்து வச்சவர் சார் நீங்க."

அதற்குப் பிறகு குண்டூசி பாறைப் பக்கம் போகவில்லை. எவன் பெத்தானோ என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. அப்பா நல்ல மனுஷர். அதுதான் வலித்தது.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் லைன்மேனை இழுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். தானே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று விளக்கை எரியவைத்தார்.

அதிகாரி கூப்பிட்டனுப்பினார். "யார் உத்தரவுல எரியுது?"

"என்னை அறிஞ்சுக்கிட்டேன் ஐயா. ஜனங்களை இருட்டுல விட்டவன் நான்."

அதிகாரி தாடியைத் தடவினார். "தன்னை அறிஞ்சவனுக்கு அமைதிதான் வரணும். உங்களுக்கு வேலை செய்யணும்னு தோணியிருக்கு. எங்கேயோ தப்பு நடந்திருக்கு. மறுபடி போயிட்டு வாங்க."

அன்றைக்கே வழுக்கைத்தலைக்காரர் நன்றி சொல்ல வந்தார். குண்டூசி முகத்தைத் தூக்கினார்.

"சார், நீங்களா!"

"நான்தான். மன்னிச்சுக்குங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"கம்பை ஊனிக்கிட்டு வாசல் வரைக்கும் வராங்க சார், வெளிச்சத்தைப் பாக்க." அவர் குண்டூசியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபீசுக்கு ஒருத்தர் உங்களை மாதிரி இருந்தாப் போதும், நாடு எங்கேயோ போயிடும்."

"நீங்க எந்த ஆபீஸ்னு நான் கேக்கவே இல்லையே?"

"குடிநீர்க் குழாய் சார். புகார்ப் பிரிவு."

குண்டூசி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வந்து வருஷமாச்சு சார். வாளி தூக்கித் தூக்கி என் வீட்டுக்காரிக்குத் தோள்பட்டையே போச்சு. எழுதிக் கொடுத்ததெல்லாம் உங்ககிட்டதான் இருக்கும். கொஞ்சம் பாத்து..."

வழுக்கைத்தலைக்காரர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுத்து விட்டார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"நானும் அந்தப் பாறையில உக்காந்து நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன் சார்," என்றார். "அவசரப்படறது என் சுபாவமே இல்ல."