கொல்லைப்புறத்துப் படகு விஷயமாக

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் தங்கையும் நலம். இருவரும் நலமாகத்தான் இருக்கிறோம், ஆனால் ஒரே இடத்தில் இல்லை. தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமா? தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஏணி ஏறும் அளவுக்குக் குறைந்திருந்தால் மிகவும் நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வரும் பதினைந்தாம் தேதி கிரேனோடு வந்து படகை எடுத்துப்போவதாகத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மட்டற்ற மகிழ்ச்சி. அந்தத் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. படகுக்குள் தங்கள் தங்கை குடியிருக்கிறாள்.

பதற வேண்டாம், முதலிலிருந்து சொல்கிறேன். போன வருடம் அந்தப் பழைய பாய்மரப் படகை லாரியில் கொண்டுவந்து, எங்கள் கொல்லைப்புறத்தில் நான்கு முட்டுக்கட்டைகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, "உள்வேலைக்கு நல்ல தச்சரா ஒருத்தரைப் பிடிச்சுக் குடுங்க, அது போதும்" என்று தாங்கள் சொன்னீர்கள். எதற்குத் தச்சர், நானே செய்து தருகிறேன் என்றேன். அப்போது தாங்கள் சிரித்தீர்கள். சத்தமாக இல்லை, மீசைக்குள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் ஜீரணமாகவில்லை. முப்பத்தொரு வருடம் இந்த ஊர்க் கடைகளின் தராசுகளை எல்லாம் சோதித்து முத்திரை வைத்தவன் நான். முள் ஒரு நூல் விலகி நின்றாலும் கடைக்காரரை விலக விட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவே என்னைத் தராசு சார் என்றுதான் கூப்பிடுகிறது. அப்பேர்ப்பட்டவனுக்கு நாலு பலகையை நேராகப் பொருத்தத் தெரியாதா என்று ரோஷம் வந்துவிட்டது. வந்த ரோஷம் இன்னும் போகவில்லை, மற்றதெல்லாம் போய்விட்டது.

முதல் வேலையாக உள்ளறையிலிருந்த அலமாரி, மேஜை, படுக்கைப் பலகை, தரைப்பலகை, குட்டிக் கதவுகள் என்று மொத்தம் நாற்பத்துமூன்று உருப்படிகளைக் கழற்றினேன். எது எங்கே இருந்தது என்று பின்னால் குழம்பக்கூடாது அல்லவா, அதனால் ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் நம்பர் போட்டேன். அந்த நம்பர்களை நோட்டில் படத்தோடு வரைந்து வைத்தேன். இவ்வளவு முன்யோசனை யாருக்கு வரும், சொல்லுங்கள். பிறகு நாற்பத்துமூன்றையும் வீட்டு ஹாலில் பரப்பி, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பழைய வார்னிஷ் துளியும் இல்லாமல் ஒரு வாரம் மழமழவென்று தேய்த்தேன். கடைசிப் பலகையையும் முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், நம்பர்களையும் சேர்த்துத் தேய்த்துவிட்டது உறைத்தது. உங்கள் தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பர் அழியும்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"முதல் பலகையிலயே தெரிஞ்சுதே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றாள்.

இது அவள் வழக்கம். தங்களுக்குத் தெரியாததா?

அடுத்தது வார்னிஷ். ஏழு பூச்சு. ஒரு பூச்சு காய்ந்ததும் லேசாகத் தேய்த்து அடுத்த பூச்சு. ஈரமாக இருக்கும்போது ஒரு தூசி விழுந்தாலும் அது காலாகாலத்துக்கும் அங்கேயே இருக்கும். ஆகவே வீட்டில் சில விதிமுறைகளைக் கொண்டுவந்தேன். மின்விசிறி போடக்கூடாது, பெருக்கக்கூடாது, எண்ணெயில் எதையும் பொரிக்கக்கூடாது, கதவை ஓங்கிச் சாத்தக்கூடாது, தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்விட வேண்டும். உங்கள் தங்கைக்கோ வார்னிஷ் வாசனைக்கே தும்மல் வரும். ஒரு நாளில் பதினோரு முறை தெருவுக்கு ஓடினாள். இந்த விதிமுறை எதையும் மதிக்காமல் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் பூனை ஜன்னல் வழியாக வந்து, ஐந்தாவது பூச்சு பூசிய மேஜைமேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து போயிருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்து யோசித்த அடையாளமும் இருக்கிறது. நான் அந்த மேஜையைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்ற நேரத்தில்தான் உங்கள் தங்கை கையில் காபி டம்ளரோடு வந்து, "ஏங்க, இந்த வீட்டுல இந்த டம்ளரை வைக்க ஒரு இடம் சொல்லுங்க, போதும்" என்றாள். நான் சுற்றிப் பார்த்தேன். நாற்காலி மேல் கதவு, கட்டில் மேல் அலமாரி, கட்டிலுக்கு அடியில் இன்னொரு அலமாரி. எரிச்சலில் வாயைக் கொடுத்துவிட்டேன். "படகுதான் காலியா கெடக்கே, அங்க கொண்டு போய் வை" என்றேன். நான் சொன்னதுதான், மறுக்கவில்லை. அவள் தலையணை, போர்வை, ரேடியோ, சின்ன அடுப்பு, காபி டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிப் படகுக்குள் போனாள். போனவள் ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டாள்.

ரெண்டு நாளில் இறங்கிவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். இன்றோடு ஐம்பத்தெட்டு நாள் ஆகிறது மச்சான்.

வார்னிஷ் முடிந்து பலகைகளைத் திரும்பப் பொருத்தப் போனால், குடியிருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கீழே நின்று படகின் வயிற்றில் தட்டுவேன். மேலிருந்து குரல் வரும்.

"யாரு?"

"நான்தான்."

"என்ன வேலையா வந்தீங்க?"

"இடது பக்க அலமாரி பொருத்தணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"காலைத் துடைச்சுட்டு வாங்க." அதற்குப் பிறகுதான் ஏணி இறங்கும்.

நம்பர் போனாலும் பெரிய நஷ்டமில்லை. நான் கழற்றும்போது அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? "அது அங்க இல்ல, இங்க" என்று அவள் தலையணையில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அதிர்ச்சி தந்தது வேறு. நான் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறேன், அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி ஒரு இடத்திலும் நடுவில் நிற்கவில்லை! தரை சரிவு, படுக்கை சரிவு, அலமாரித் தட்டு எல்லாம் சரிவு. படகைக் கட்டியவன் நிதானத்தில் இருந்துதான் கட்டினானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவனைத் திட்டிக்கொண்டே பழைய ஆணி ஓட்டைகளை எல்லாம் மக்கு வைத்து அடைத்தேன். தரைக்கு அடியில் ஆப்பு செருகினேன். படுக்கைக்கு ஒரு பக்கம் கட்டை கொடுத்தேன். எல்லாவற்றையும் ரசமட்டம் வைத்து நூல் பிசகாமல் பொருத்தினேன். முடித்த அன்று ஒரு கோலிக்குண்டை மேஜைமேல் வைத்தேன். வைத்த இடத்தில் நின்றது. என் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புங்கள். படகைக் கட்டியவன் செய்த பதினெட்டுக் குறைகளைத் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு இணைக்க இருந்தேன். இணைக்கவில்லை. ஏனென்றால் போன திங்கட்கிழமை தச்சரைக் கூப்பிட்டேன்.

வேலைக்குக் கூப்பிடவில்லை, பாராட்டு வாங்கத்தான் கூப்பிட்டேன். படகுத்துறையில் வேலை பார்த்த பழைய ஆள். எப்போதும் உதட்டில் ஓர் ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுவார். கொல்லைப்புறத்துக்குள் நுழைந்தவர் படகுக்கு உள்ளே போகவே இல்லை. பத்தடி தள்ளி நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"தராசு சார், படகு சாஞ்சு நிக்குதே" என்றார்.

"எங்க சாஞ்சிருக்கு?"

"இடது பக்கம் முட்டுக்கட்டையைப் பாருங்க. துணி தொவைக்கிற தண்ணி அங்கதானே போவுது? மண்ணு இளகி, கட்டை ஒரு சாண் இறங்கியிருக்கு."

நான் அப்படியே துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். படகைக் கட்டியவன் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறான் மச்சான். சாய்ந்து நின்ற படகுக்குள் நான்தான் எல்லாவற்றையும் நேராக்கி வைத்திருக்கிறேன். படகு தண்ணீரில் இறங்கி நிமிர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சாய்ந்துவிடும். முப்பத்தொரு வருடம் தராசைச் சோதிக்கும் முன் அது நிற்கும் மேடையைச் சோதி, மேடையைச் சோதி என்று கடை கடையாகச் சொன்னவன் நான்!

"இப்ப என்ன செய்யறது?" என்றேன். தச்சர் ஆணியை இந்த உதட்டோரத்திலிருந்து அந்த உதட்டோரத்துக்கு நகர்த்தினார். "ஒண்ணும் செய்ய வேணாம் சார். பாய் விரிச்சு ஓடும்போது வலது பக்கத்துலேருந்து காத்து அடிச்சா படகு இதே மாதிரி இடது பக்கம் சாயும். அப்ப உள்ள எல்லாம் ஜம்முனு மட்டமா இருக்கும். உங்க மச்சானை வலது பக்கக் காத்துல மட்டும் ஓட்டச் சொல்லுங்க."

"போகும்போது சரி. திரும்பி வரும்போது காத்து இடது பக்கம் வந்துடுமே?"

"ஏன், அவர் திரும்பி வரணுமா?" என்று கேட்டுவிட்டு, தச்சர் போய்விட்டார். தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

சரி, படகை நிமிர்த்திவிட்டு முதலிலிருந்து செய்வோம் என்று மறுநாள் காலை கார் ஜாக்கியை இடது கட்டைக்குக் கீழே கொடுத்து மெல்ல மெல்ல ஏற்றினேன். நாலு விரற்கடை ஏறியிருக்கும், உள்ளே தடதடவென்று சத்தம். காபி டம்ளர் ரேடியோமேல் போய் விழுந்திருக்கிறது. ரேடியோ அடுப்புமேல். உங்கள் தங்கை மேல்மூடியைத் திறந்து தலையை நீட்டினாள்.

"யாரைக் கேட்டு என் வீட்டைச் சாய்க்கிறீங்க?"

"சாய்க்கலடி, நிமிர்த்துறேன்!"

"எனக்கு இது போதும். இறக்குங்க."

இறக்கினேன். ஹாலில் இப்போது ஒரு பலகைகூட இல்லை, பெருக்கித் துடைத்துவிட்டேன், டம்ளர் வைக்க எட்டு இடம் இருக்கிறது, இறங்கி வா என்று கெஞ்சினேன். "இங்க வந்தப்புறந்தான் நீங்க தட்டிட்டு உள்ள வர்றீங்க. இங்க வந்தப்புறந்தான் நான் சொன்ன எடத்துல நான் சொன்னது இருக்கு. நான் எதுக்கு இறங்கணும்?" என்று கேட்டாள். வெறும் வீட்டுக்குள் போய் எட்டு இடத்திலும் ஒவ்வொரு டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான், தங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தும்மல் சத்தம்கூட இல்லை.

ஆகையால், கிரேனை ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். அதற்குமுன் தாங்கள் மட்டும் வந்து, ஏணியில் ஏறி, அண்ணன் என்ற முறையில் கண்டித்து, அவளை எப்படியாவது இறக்கிவிடுங்கள். தாங்கள் சொன்னால் கேட்பாள். கேட்காவிட்டாலும், கேட்கவில்லை என்பதைப் பார்க்க எனக்குத் துணையாக ஒருவர் இருப்பார். அவள் இறங்கியதும் நாற்பத்துமூன்றையும் கழற்றிச் சரியாகப் பொருத்தித் தருகிறேன். இந்தத் தடவை நம்பரை அடிப்பக்கம் போடுவேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், சிறியவர்களுக்கு என் ஆசியும் சொல்லவும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், கோணல் மாணல் இல்லாமல், நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
தங்கையின் கணவன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படகின் அடியில் நின்று உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன், ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்வாள் என்று. முழுதும் கேட்டாள். கட்டை இறங்கியது அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, எனக்கே பதில் தெரியும். பிறகு ஏணி இறங்கியது. "தும்மல் சத்தம்கூட இல்லைன்னு எழுதினதுக்காக" என்றாள். எனக்கு இடது படுக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரசமட்டம் உள்ளே வரக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. இதைப் பூனை நடந்த மேஜையில் வைத்துத்தான் எழுதுகிறேன், கோலிக்குண்டைத் திரும்ப வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஏணியை இருவரும் சேர்ந்து மேலே இழுத்துவிட்டோம், ஆகவே கடிதத்தைக் கூடையில் கட்டி இறக்கித் தையல்காரரிடம் தபாலுக்குக் கொடுக்கிறோம். பதினைந்தாம் தேதி தாங்கள் தாராளமாக வரலாம். கிரேன் மட்டும் வேண்டாம். வீடு காலியாகத்தான் இருக்கிறது, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கிக்கொள்ளுங்கள். எங்களைப் பார்க்க வேண்டுமானால் கீழே நின்று தட்டவும்.