பின்னறையில் வைத்த சுண்ணாம்புத் தண்ணீர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூச்சு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் அண்ணன் எழுதுவது. மகள் வீட்டில் உன் மூச்சும் அப்படியே ஓடுகிறதென்று நம்புகிறேன். எழுத்து மாடிவீட்டுக் கெமிஸ்ட்ரி டீச்சரம்மாவுடையது. பேச்சு மட்டும் என்னுடையது.

மச்சான் கண்ணை மூடிய பின்னறையில் இன்னும் யாரோ மூச்சு விடுகிறார்களென்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாளிலிருந்து, நான் சமைத்ததை நானே தின்கிறேன். இனி என்னால் ஆகாது. உன் பயத்துக்கு ஒரு வழி பண்ண டீச்சரம்மாவிடம் யோசனை கேட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புட்டி சுண்ணாம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். பளிங்கு மாதிரி இருக்கும். ஸ்ட்ரா போட்டு ஊதினால் நம் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டுப் பாலாக வெளுத்துவிடும். எனக்குத்தான் ஒரு பல்லும் கிடையாதே, பாதி மூச்சு வெளியே போய்விட்டது, மீதியிலேயே வெளுத்தது. "பாத்தீங்களா பெரியவரே, உயிரோடதான் இருக்கீங்க!" என்றார். "நல்லவேளை டீச்சரம்மா, எனக்கே சந்தேகமா இருந்துச்சு" என்றேன். அந்தக் குஷியில் எதிர்வீட்டு டெய்லரையும் ஊதச் சொன்னேன். அவர் ஊதாமல் உறிஞ்சிவிட்டார். நாக்கு வெந்துபோய் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பிறகு ஒரு டம்ளரில் புதுத்தண்ணீர், புது ஸ்ட்ரா. பின்னறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். காலையில் திறந்தால் தண்ணீர் வெளுத்திருக்கிறது! அலறி ஓடியதில் வாளியில் கால் மாட்டி, வாசல்வரை வாளியோடேயே போனேன். எனக்கு மச்சான் ஞாபகம்தான். சோடாக் கம்பெனியில் காலமெல்லாம் தண்ணீருக்குள் வாயு அடைத்த மனுஷன் ஆயிற்றே. நம் வீட்டுக்கு முதல்முதலாக வந்து கலர் குடித்தபோது ஸ்ட்ரா நுனியைக் கடித்துச் சப்பையாக்கிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை பசியோட வந்திருக்காரு போல" என்று அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. சாகும்வரை அவர் கடிக்காமல் விட்ட ஸ்ட்ரா உண்டா?

டீச்சரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "வெறும் காத்துலயும் அந்த வாயு கொஞ்சம் இருக்கு பெரியவரே. திறந்து வச்சா தானாவே வெளுக்கும். வெளுத்தது மறுபடி தெளிஞ்சாத்தான் பயப்படணும். அடியில வண்டலாப் படியுமே தவிர, அது தானா கரைஞ்சு தெளியாது. யாராவது வாய் வச்சு விடாம ஊதணும்" என்றார். போய்ப் பார்த்தேன். ஸ்ட்ரா கடிபடாமல் உருண்டையாகவே நின்றது. டம்ளரை அப்படியே விட்டுப் பூட்டிவிட்டேன்.

ஆகவே தங்கச்சி, உன் அறையில் காற்றைத் தவிர யாருமில்லை. அடுத்த வண்டியைப் பிடி. பேரப்பிள்ளைகள் நீண்ட மூச்சோடு வாழட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் (கைநாட்டு)

பி.கு.: அம்மா, இது டீச்சர் எழுதுவது. ஐயா கட்டைவிரலில் மை தடவிக்கொண்டிருக்கையில், டம்ளரைக் கழுவி எடுத்துப்போகலாமென்று சாவி வாங்கிப் பின்னறையைத் திறந்தேன். தண்ணீர் அடியில் வண்டல்கூட இல்லாமல் பளிங்காகத் தெளிந்திருக்கிறது. ஸ்ட்ரா நுனி கடிபட்டுச் சப்பையாக இருக்கிறது, ஈரம்கூடக் காயவில்லை. ஐயாவிடம் சொல்லவில்லை. நீங்கள் வர வேண்டாம். அவரை அங்கே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நானும் வேறு வீடு பார்க்கிறேன்.