கட்டைவிரல் பட்ட செரிமோயா

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம். காய்ச்சலுக்குப் பிறகு ஓய்வுக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் தங்கள் தாயாரும் நலம். தாங்கள் ஒப்படைத்துவிட்டுப் போன பழம் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் ஹாலில் இருக்கும் சம்பந்தி அம்மா காதில் விழும் என்பதால் கடிதம்.

காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாததும், வற்புறுத்தியபோது சின்ன வயதில் ஒரு தடவை செரிமோயா என்ற தென் அமெரிக்கப் பழம் தின்றதாகவும் அது கிடைத்தால் சாப்பிடுவதாகவும் சொன்னதும், தாங்கள் எங்கெங்கோ அலைந்து ஒரே ஒரு பழம் வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போனதும் தங்களுக்குத் தெரிந்ததே. முதலில் வெளியே வைத்துக் கனியவிட வேண்டும், கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்வாங்க வேண்டும், அப்புறம்தான் ஃபிரிட்ஜ், குளிர்ந்ததும் இரண்டாக வெட்டி ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட வேண்டும், விதையைக் கடிக்கவே கூடாது என்று நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதியே வைத்திருந்தேன்.

நீங்கள் செய்த ஒரே தவறு, மெத்தைக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவனிடம் அழுத்திப் பார்க்கச் சொன்னது. பழத்தைக் கையில் எடுத்ததுமே எனக்குச் சுருக்கென்றது. பச்சைத் தோல் முழுக்கக் கட்டைவிரல் பதிந்த மாதிரிக் குழிகள். எனக்கு முன்னால் யாரோ பரிசோதித்துவிட்டார்களே, நீயா என்று உங்கள் மாமியாரைக் கேட்டேன். அவள் அன்று முழுவதும் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். பழக்கடைக்காரரை விசாரித்த பிறகுதான் அதற்குத் தோலே அப்படி என்று தெரிந்தது. இனிமேல் வம்பு வேண்டாமென்று சமையலறைக் கதவில் ஓர் அட்டை மாட்டினேன்: தேதி, நேரம், அழுத்தியவர், கருத்து. எங்கள் கம்பெனியில் ஒருத்தர் கருத்து செல்லாது, மூன்று பேர் அழுத்தியாக வேண்டும். காலையில் நான் "கல்" என்று எழுதினால் அவள் அடுத்த வரியில் "கனிஞ்சாச்சு" என்று எழுதுவாள். மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வந்தவரைக் கூப்பிட்டோம். அவர் இரண்டு கையாலும் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்றார். மாடி வீட்டுப் பல் டாக்டர் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். நாலாம் நாள் அட்டையிலும் இடமில்லை, பழத்திலும் இடமில்லை. வெட்டினால், வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டிய சதை கன்றிக் கறுத்துப் புளித்துக் கிடந்தது. விதை மட்டும் பளபளவென்று இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை. அந்த அம்மா இந்த உலகத்தில் சாப்பிடுகிறேன் என்று சொன்னது இது ஒன்றைத்தான், அதையும் நான் அழுத்தியே ஒழித்துவிட்டேன். உங்கள் மாமியார்தான் சுதாரித்தாள். கறுத்ததை வழித்தெடுத்து, தோலைக் கழுவித் துடைத்து, பேரிக்காயையும் வாழைப்பழத்தையும் மசித்து எலுமிச்சை ரெண்டு சொட்டு விட்டு நிரப்பினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முள் எடுக்கிற சாமணத்தால் இருபத்தேழு விதையையும் ஒவ்வொன்றாக நட்டேன். குளிரவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சம்பந்தி அம்மா ஒரு ஸ்பூன் எடுத்தார், இன்னொரு ஸ்பூன் எடுத்தார், கடைசியில் தோலைச் சுரண்டிச் சாப்பிட்டார். "அதே ருசி. இதை மறக்க முடியுமா?" என்றார். நாளைக்கும் வேண்டும் என்றார்.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது, திரும்பி வரும்போது நிஜமான செரிமோயாவை வாங்கி வந்துவிடாதீர்கள். ஒரு வாய் வைத்தால் வித்தியாசம் தெரிந்து மறுபடி சாப்பாட்டை நிறுத்திவிடுவார். எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடவும். வெளியூரில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். தாங்கள் எல்லா நலமும் பெற்றுச் சுகமாக வீடு திரும்ப ஆசிகளுடன்,

கட்டைவிரலால் கெட்ட
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தி அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். "சம்பந்தி, அந்தப் பழத்தை நான் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல. ஏதோ பத்திரிகையில படம் பார்த்தேன், அவ்வளவுதான். எங்கயும் கிடைக்காது, சாப்பிடு சாப்பிடுன்னு யாரும் உயிரை எடுக்க மாட்டீங்கன்னு சொல்லிவெச்சேன். நேத்து நீங்க விதை நட்டதைக் கதவிடுக்குல நின்னு பார்த்தேன். சிரிச்சு சிரிச்சு எனக்குப் பசியே எடுத்துடுச்சு" என்றார். மகனிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார், ஆகவே இந்தப் பின்குறிப்பைத் தாங்கள் படிக்கவில்லை. மேலே எழுதியது அத்தனையும் ரத்து. செரிமோயா அவசியம் வாங்கி வரவும். உள்ளே எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இங்கே நிரப்பிக் கொடுக்க இருந்த ஒரே தோல் கிழிந்துவிட்டது.