வானத்திலிருந்து உப்பு விழுந்த படம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்து ஓய்ந்த சவரிராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது. ஆகவே எல்லோரும் நலம். தங்கள் ஊரிலும் அப்படியே அடிக்கட்டும்.

பங்குக் கோயில் முதியோர் வகுப்பில் சென்ற வருடம்தான் எழுத்துக் கற்றேன். கருவாடு மடித்து வரும் தாளைக்கூட விடாமல் படிக்கிறேன். அப்படித்தான் தங்கள் பத்திரிகையின் ஒரு பக்கம் கிடைத்தது. அமெரிக்காவில் படங்கள் பேசாத காலத்தில், வாரத்துக்கு ஒன்றாக நானூறு படம் எடுத்த டைரக்டர் எல்மர் கிராண்ட்லி இன்னும் உயிரோடு இருக்கிறாராம். படச்சுருள்கள் எரிந்துபோயினவாம், பாதிக் கதை அவருக்கே மறந்துவிட்டதாம், தன் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் இனி இருக்க மாட்டார்கள் என்று வருந்துகிறாராம். கூடவே ஒரு படத்தின் போட்டோ. அதைக் கண்டு நான் போட்ட சத்தத்தில் என் மனைவி சந்தனமேரி குழம்பை அடிபிடிக்க விட்டு ஓடி வந்தாள்.

ஐயா, அந்தப் படத்தை வாலிபத்தில் நான் பார்த்தேன். திருவிழாவுக்கு வந்த சினிமாக் கூடாரத்தில். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், எங்கள் அளத்து மேஸ்திரி குழந்தைசாமியை நிறுத்தினார்கள். திரை முழுவதும் வெள்ளை. அது பனி என்று இப்போது தங்கள் பத்திரிகை சொல்லித்தான் தெரியும். மேஸ்திரி உப்பளம் என்றார், நாங்களும் ஒத்துக்கொண்டோம். கதாநாயகன் கம்பளிக் கோட்டோடு உப்பு வாரினான். அவனுக்குக் குளிர்காய்ச்சல் என்றார். கதாநாயகி ஒரு பிடி அள்ளி அவன் முகத்தில் வீசிச் சிரித்தாள். "அடிப்பாவி, கண்ணு போயிடும்டி" என்று பெண்கள் பக்கம் ஒரு குரல். அது சந்தனமேரி. அப்போது அவள் யாரென்று எனக்குத் தெரியாது. பிறகு வானத்திலிருந்தே கொட்டத் தொடங்கியது. மேஸ்திரி சற்று யோசித்தார். "அந்த ஊர்ல தானா விழும்பா. பாத்தி கட்டவே வேணாம்" என்றார். எங்களுக்குப் பொறாமையில் மூச்சு வரவில்லை.

அந்த வெள்ளையில் அவள் வழி தவறிப் போனாள். அவன் விளக்கோடு தேடிப் போனான். இவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அந்த நேரம் பார்த்துக் கூடாரத்தின் மேல் சடசடவென்று கோடை மழை. குவித்த உப்பு கரைந்துவிடாதா? கூடாரமே எழுந்து அளத்துக்கு ஓடியது, மேஸ்திரி எல்லோருக்கும் முன்னால். குவியலை மூட ஓலைக் கீற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையில் சந்தனமேரி. "இழுத்துப் பிடிங்க, படம் பார்க்கவா வந்தீங்க?" என்றாள். அடுத்த வருடம் கல்யாணம்.

கூடாரம் மறுநாளே திண்டிவனம் போய்விட்டது. மழை வரும்போதெல்லாம் இவள் கேட்பாள், "அவன் அவள கண்டுபிடிச்சானா?" கண்டுபிடித்தான் என்பேன். "நீங்க எங்க பார்த்தீங்க?" என்பாள்.

அடுத்த வாரம் அவளுக்குப் புதுச்சேரியில் வயிற்றில் ஆபரேஷன். பயமில்லை என்கிறாள். ஆனால் குழம்புக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடி போடுகிறாள். ஆகவே அந்தப் பெரியவரைக் கேட்டு, அதற்குள் முடிவை எழுதி அனுப்ப வேண்டுகிறேன்.

தாங்களும் பிள்ளைகளும் தங்கள் பத்திரிகையும் நீண்ட நாள் வாழ மாதாவை வேண்டும்,
சவரிராயன்

பின்குறிப்பு: கடிதத்தைச் சந்தனமேரிக்குப் படித்துக் காட்டினேன். "வேணாங்க. முடிவு எனக்கே மறந்துடுச்சுன்னு அவர் சொல்லிட்டா, அந்தப் பொண்ணு பனியிலேயே நிக்கணும். நாம பார்த்தோம்னு அவருக்குச் சொல்லிடுங்க" என்கிறாள். ஆகவே மேலே கேட்டதை விட்டுவிடுங்கள். பெரியவருக்கு இதை மட்டும் தெரிவியுங்கள்: படம் பார்த்தவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறோம். முடிவு மறந்துவிட்டதே என்று அவர் கவலைப்பட வேண்டாம். அவன் அவளைக் கண்டுபிடித்துவிட்டான். மழையில், ஓலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.