அரசாங்கக் குழாயில் நான் கை வைத்த கதை

படித்துத் திருந்தியவர்கள் ஊரில் நிறைய உண்டு. படித்துக் கெட்டவன் நான். இருபத்தெட்டு வயதில் பேகம்பேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். மதிய இடைவேளையில் இணையத்தில் கண்டதையும் படித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். போலீஸ், கோர்ட், ராணுவம் தவிர அரசாங்கத்துக்கு வேறு வேலையே கிடையாது. மானியம், லைசென்ஸ், விலைக் கட்டுப்பாடு, அரசு ஆலை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டால், மனிதன் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வான். (எனக்கு அப்போது என் சட்டைக்கு இஸ்திரி போடக்கூடத் தெரியாது. அது வேறு விஷயம்.)

இந்த ஞானத்தோடு நான் பெண் பார்க்கப் போன இடம், ஹைதராபாத்தின் ஓரத்தில் இருந்த ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் குடியிருப்பு. என் அம்மா அப்பா கோவில்பட்டியில். "மொதல்ல நீ மட்டும் போயி ஒரு காபி குடிச்சிட்டு வா. அப்புறம் நாங்க ரயிலேறுதோம்" என்றாள் அம்மா. "வாய அளவா வச்சிக்கிடுலே" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

நித்யாவோடு அதற்குள் நாலைந்து முறை போனில் பேசியிருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. இவளைவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். அவளும் மறுத்துப் பேசவில்லை. அவளுடைய அப்பா சேதுராமன் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. மனிதர் கும்பகோணத்துக்காரர். முப்பது வருஷமாக அந்த நிறுவனத்தின் ஆலையில்தான் வேலை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

முதல் மாடி வீடு. ஹாலின் மூலையில் கை கழுவும் தொட்டி. அதன் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

"குழாய் ஒழுகுதே சார்?"

"ஹவ் தம்பி, மூணு வாரமா. எஸ்டேட் ஆபீஸ் புக்ல கம்ப்ளைண்ட் எழுதியாச்சு. இன்ஜினியர் கையெழுத்துப் போடணும். அப்புறம் ஸ்டோர்ஸ்லேருந்து வாஷர் சாங்ஷன் ஆகணும். அப்புறம்தான் பிளம்பர்."

"ஒரு வாஷர்தானே சார், நாமளே மாத்திடலாமே?"

"நக்கோ! குவார்ட்டர்ஸ்ல ஒரு ஆணி அடிக்கக்கூட பர்மிஷன் வேணும்." (முப்பது வருஷ ஹைதராபாத் வாசத்தில் அவருக்கு 'ஆமாம்' என்பது 'ஹவ்' ஆகவும், 'வேண்டாம்' என்பது 'நக்கோ' ஆகவும் மாறியிருந்தது.)

போதாதா எனக்கு? ஆரம்பித்துவிட்டேன். உங்கள் வீட்டுக் குழாயைப் பற்றி எங்கோ உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு என்ன தெரியும், ஒரு வாஷருக்கே மூன்று வாரம் என்றால் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை எப்படி நடத்துவார்கள் என்றெல்லாம் கேட்டேன். அவர் கோபப்படுவார், மடக்கலாம் என்று காத்திருந்தேன்.

"கரெக்ட்! இந்த கவர்மெண்ட் உருப்படவே உருப்படாது" என்றார் அவர்.

"அரசு ஆலையெல்லாம் வித்துடணும் சார்."

"வித்துடணும்!"

"உங்க ஆலையையும்தான்."

"அதைத்தான் மொதல்ல விக்கணும். என் ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம்." காபியை ஒரு வாய் குடித்தார். "அது கெடக்கட்டும். நீங்க ஏன் தம்பி ஒரு கவர்மெண்ட் வேலைக்கு ட்ரை பண்ணலை? அதுதானே சேஃப்?"

எனக்குத் தலை சுற்றியது. எதிரியாக இருந்தால் வாதாடலாம். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டு அரசாங்க வேலைக்குப் போகச் சொல்லும் மனிதரை என்ன செய்வது? சமையலறை வாசலில் நின்ற நித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. பேச்சு எடுபடவில்லை, செய்து காட்டிவிடுவோம் என்று எழுந்தேன்.

"உங்க ஸ்கூட்டர் ஸ்பானரைக் கொடுங்க சார். ரெண்டு நிமிஷம்."

அவர் 'நக்கோ நக்கோ' என்று சொல்லச் சொல்லக் குழாயின் தலையைத் திருகினேன். கடைசிச் சுற்றில் இருந்தபோது நித்யா கேட்டாள், "மெயின் வால்வை மூடிட்டீங்களா?"

எந்தக் கட்டுரையிலும் மெயின் வால்வைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

குழாய்த் தலை பறந்து போய் எதிர்ச் சுவரில் அடித்தது. தண்ணீர் பீறிட்டுக்கொண்டு என் முகத்துக்கு வந்தது. அவளுடைய அம்மா வாழைக்காய் பஜ்ஜித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "அய்யய்யோ, என் கார்ப்பெட்டு!" என்று சோபாவில் ஏறிவிட்டார். வால்வு கட்டடத்தின் பின்னால், பூட்டிய தொட்டிக்குள் இருந்தது. சாவி எஸ்டேட் ஆபீஸில். அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. நான் உள்ளங்கையால் குழாயை அடைத்துக்கொண்டு நின்றேன். அழாத குறைதான்.

சேதுராமன் யாருக்கோ போன் செய்தார். கால் மணி நேரத்தில் யாதகிரி என்பவர் சைக்கிளில் வந்தார். அங்கேயே வால்வு திறந்து மூடும் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றவராம். கள்ளச்சாவி ஒன்று வைத்திருந்தார். வால்வை மூடி, சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்துப் போட்டு, ஐந்தே நிமிஷத்தில் குழாயைச் சரி செய்துவிட்டார். நான் ஈரப் பர்ஸைத் திறந்தேன்.

"பைசா நக்கோ சார். சாய் சாலு" என்றார். டீ போதுமாம்.

ஓய்வு பெற்றுவிட்டதால் இவர் அரசாங்கம் இல்லை. காசு வாங்காததால் சந்தையும் இல்லை. அப்படியென்றால் இவர் யார்? நான் படித்ததில் எதிலும் அவருக்கு இடம் இல்லை. சொட்டச் சொட்ட நின்று யோசித்தேன், ஒன்றும் புரியவில்லை.

அதற்குள் தண்ணீர் கீழ் வீட்டுக்கு இறங்கி, அவர்கள் புகார் செய்திருந்தார்கள். டியூட்டி சூப்பர்வைசர் கையில் படிவத்தோடு வந்து நின்றார். (வாஷருக்கு மூன்று வாரம் எடுத்த அரசாங்கம், படிவத்துக்கு அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை.) அதில் நாலாவது கட்டம்: 'சேதம் விளைவித்தவர் குடியிருப்பவருக்கு என்ன உறவு?'

"ஃபேமிலி மெம்பர்னா வார்னிங் லெட்டரோட முடிஞ்சுடும். வெளியாள்னா என்கொயரி. சார் மேல மெமோ வரும்" என்றார் சூப்பர்வைசர். அவரும் தமிழர்தான்.

சேதுராமனின் முகம் வெளுத்துவிட்டது. ஓய்வு பெறும் நேரத்தில் மெமோ என்றால் விளையாட்டா? கல்யாணம் போனால் போகட்டும், இந்த மனிதருக்கு என்னால் கெடுதல் வரக்கூடாது என்று தோன்றியது.

"தப்பு என்னோடது சார். மெமோவ எனக்குக் குடுங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படிக் கொடுக்கறது? நீங்க எங்க ஸ்டாஃபே இல்லையே!"

நித்யா ஈரத்தில் காலை அளந்து வைத்து நடந்து வந்தாள். படிவத்தை வாங்கி, பஜ்ஜித் தட்டைக் காலி செய்து கவிழ்த்து, அதன் மேல் வைத்து எழுதினாள்.

"என்னம்மா எழுதினே?" என்றார் சேதுராமன்.

"மாப்பிள்ளை."

சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்போ கல்யாணம் ஆச்சு?"

"இனிமேதான்" என்றாள் நித்யா. "நீங்க கையெழுத்துப் போடுங்கப்பா."

சேதுராமன் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதிகள், மூன்றிலும் முத்திரை. கோவில்பட்டிக்கு ராத்திரிதான் தகவல் சொன்னேன்.

அப்பாவைக் காப்பாற்ற எழுதினாளா, என்னைப் பிடித்துப்போய் எழுதினாளா என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அந்தக் கட்டத்துல இடம் கம்மி, காரணமெல்லாம் எழுத முடியாது" என்கிறாள்.

என் கொள்கை பெரிதாக மாறிவிடவில்லை. இப்போதும் டி.வி.யில் செய்தி ஓடும்போது, "தனி மனுஷன் வாழ்க்கையில அரசாங்கம் தலையிடவே கூடாது" என்று ஆரம்பிப்பேன். மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "ஆபீஸ்ல எனக்கு இன்னும் ஆள் இருக்கு மாப்பிள்ளை. அந்தப் படிவத்தை கேன்சல் பண்ணச் சொல்லட்டுமா?"