விமானத்தில் துண்டு போட்டவர்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஆயுசில் ஒருமுறைகூட நின்றுகொண்டு பஸ்ஸில் போகாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பீளமேட்டுத் தெருவில் இருந்த துண்டுக்காரண்ணன்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

தோளில் எப்போதும் ஒரு பச்சைக்கரைத் துண்டு. முகம் துடைக்க அல்ல, அதற்கு வேட்டி நுனி இருந்தது. துண்டு இடம் பிடிக்க மட்டுமே. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகிற நாளில் பஸ் வந்து திரும்புவதற்குள் ஓடிப்போய்ச் சன்னல் வழியாக வீசுவார். விழுந்த இடம் அவருடையது. நாங்கள் பெண்கள் கூடப் போனால் விரித்து வீசுவார், ஒரு பெஞ்சையே மூடும். கல்யாணப் பந்தியிலும் இதே கதைதான். ஒருமுறை துண்டு ரசவாளிக்குள் போய் விழுந்தது. பரிமாறியவன் திட்டத் தொடங்க, அண்ணன் நிதானமாக, “ரசம் வேண்டாமுங்க, எடம் கெடச்சாச் செரி” என்று உட்கார்ந்தார்.

ஒருநாள் அவசரத்தில் தப்பான பஸ்ஸில் போட்டுவிட்டார். துண்டு மட்டும் மேட்டுப்பாளையம் போனது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து இவர் பின்னாலேயே போனார். அங்கே பார்த்தால், போட்ட இடத்திலேயே துண்டு கிடக்கிறது. வழியெல்லாம் ஜனம் படியில் தொங்கியிருக்கிறது, அந்த இடத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. கேட்டதற்கு, “ஆரோ எடம் போட்டிருக்கறாங்க, நாம உக்காந்தா நல்லாருக்குங்களா” என்றார்களாம். எங்கள் ஊர் மரியாதை அப்படி. கண்டக்டர் துண்டுக்கு டிக்கெட் கேட்டார். அண்ணன் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சென்னையில் இருந்த மகன் விமான டிக்கெட் போட்டான். பீளமேட்டில் விமானம் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். அண்ணாந்து பார்த்தே கழுத்துச் சுளுக்கிக்கொண்டவர் அவர். மேலே இருந்து நம் தெரு எப்படித் தெரியும் என்று பார்த்துவிட வேண்டும், அதுதான் ஆசை. சன்னலோரம் வாங்கித் தந்த மகனிடம் போனில், “சன்னல் தெறக்குமா கண்ணு?” என்று கேட்டார். திறக்காது என்றதும் முகம் வாடிப்போயிற்று. பிறகு தெரு முழுக்கச் சொல்லி வைத்தார், எல்லோரும் மொட்டை மாடியில் நின்று கையாட்ட வேண்டும் என்று.

கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் சென்னையில் என் மகளுக்கு, சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். மருமகன் பதறிப்போய் அதே விமானத்தில் எனக்கும் டிக்கெட் போட்டார். எனக்கு எழுத்து ஒன்றும் தெரியாது, அண்ணன் இருக்கிறார் என்ற தைரியம்தான்.

அண்ணனுக்கு வரிசை என்றால் முதல் ஆளாக நிற்க வேண்டும். நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்து விறுவிறுவென்று விமானத்துக்குள் போய்விட்டார். என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார்கள். இருக்கிற இடத்துக்கு மேலே டிக்கெட் விற்றுவிட்டார்களாம். யாராவது விட்டுக்கொடுத்தால் போகலாம், இல்லாவிட்டால் சாயங்கால விமானம்தான் என்றாள் அங்கிருந்த பெண். பஸ்ஸில்தான் திணிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மகள் அங்கே வலியில் கிடக்கிறாள், நான் இங்கே பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு சொன்னார். வெளியே ஒரு பாட்டி நிற்கிறார், யாராவது சாயங்காலம் வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் போனைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். இவர் திரும்பிப் பார்த்தால் நான் இல்லை. உடனே எழுந்து, “அந்த அம்மணி உக்காரட்டுமுங்க. நா நின்னுக்கிட்டே வாரேன்” என்றிருக்கிறார். நிற்க விடமாட்டோம் என்று அந்தப் பெண் சிரித்திருக்கிறாள்.

சற்று நேரத்தில் அண்ணன் வெளியே வந்தார். தோளில் துண்டு இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

“துண்டு எங்கீங்ணா?”

“உள்ள கெடக்குதுங்க. நெம்பரெல்லாம் தேடாதீங்க அம்மணி, துண்டு கெடக்கற எடத்துல போய் உக்காருங்க.”

போனேன். எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. பாதி தூரத்தில் பச்சைக்கரை தெரிந்தது. பக்கத்தில் இருந்த பையன் கையைக் குறுக்கே நீட்டி, “ஆள் வருதுங்க பாட்டி” என்றான். “நாந்தானுங்க அந்த ஆளு” என்று உட்கார்ந்தேன்.

மேலே ஏறியதும் சன்னலில் பார்த்தேன். வீடெல்லாம் தீப்பெட்டி. எது எங்கள் தெரு என்று யாருக்குத் தெரியும்? இருந்தாலும் அவர் துண்டை எடுத்துக் கண்ணாடியோரம் ஆட்டினேன். பையன் என்னை ஒருமாதிரி பார்த்தான், பார்க்கட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் பேத்தி பிறந்தாள். இருட்டிய பிறகு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வந்த விமானத்தில் நடு சீட்டாம், வெளியே ஒரே இருட்டாம்.

“நம்ம தெரு தெரிஞ்சுதுங்களா?” என்றார்.

“நல்லாத் தெரிஞ்சுதுங்ணா. எல்லாரும் கையாட்டுனாங்க” என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதன்பிறகு குழந்தையைத் துண்டில் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

போன வருஷம் அண்ணன் போய்விட்டார். எதிலும் முதல் ஆளாக ஏறுகிறவர்தானே. எனக்கும் வயதாகிறது, ஆனால் பயமில்லை. அங்கே எது என் இடம் என்று யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. துண்டு கிடக்கும்.