தன்னம்பிக்கை வளர்ச்சிக் குழுவின் மகத்தான வெற்றி

தன்னம்பிக்கை எங்கே உற்பத்தியாகிறது என்று உலகம் என்றைக்காவது விசாரித்தால், தயங்காமல் எங்கள் வீட்டு முகவரியைக் கொடுக்கலாம். மாடிப்படி ஏறியதும் இடப்பக்கக் கதவு. காலிங் பெல் வேலை செய்யாது, தட்ட வேண்டும். தட்டுவதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள்.

என் மனைவி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க நீராவிக்கு நடுவில் நின்று படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட வேண்டும். மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு, சாயங்காலமானால் கால் வீக்கம். அந்த ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலியாயிற்று. நாற்காலி உண்டு, ஏசி உண்டு. வெளிநாட்டு விருந்தினரிடம் ஆங்கிலத்தில் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மேனேஜர் நேரில் பேசிப் பார்த்து முடிவு செய்வார்.

"எனக்கு அந்த வேலை வேணுங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் அந்த ரூம்ல நின்னா, விரிப்போட சேர்த்து என்னையும் மடிச்சு அடுக்கிடுவாங்க."

நான் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பிரச்சினை என்று ஒன்று வந்துவிட்டால், குழு அமைக்காமல் எனக்குச் சோறு இறங்காது. அன்றே 'குடும்ப ஆங்கிலத் தன்னம்பிக்கை வளர்ச்சிக் குழு' உதயமானது. தலைவர் அடியேன். செல்போன் ரிப்பேர் கடை நடத்திக்கொண்டு ஓய்வு நேரத்தில் வெற்றிக்கு வழிகாட்டும் வீடியோக்களைப் பார்க்கும் என் மைத்துனனுக்கு ஊக்கப் பிரிவு. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பார்வையாளர். மனைவிக்குப் பதவி எதுவும் கிடையாது. அவள் 'பயனாளி'.

சாப்பாட்டு மேசையில் முதல் கூட்டம் கூடியது. மைத்துனன் எழுந்து நின்றான்.

"அக்கா, தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு 'நான் ஒரு புலி'ன்னு சொல்லு."

"புலியை யாருடா வரவேற்பு மேசையில உட்கார வைப்பா? வர்றவன் ஓடிற மாட்டானா?"

இதைக் குழு 'எதிர்மறை எண்ணம்' என்று பதிவு செய்துகொண்டு, பயனாளியைப் பேச அழைத்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குட் மார்னிங் சார்..." என்று ஆரம்பித்தாள்.

நான் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினேன். டிங்!

"மணி என்ன? ராத்திரி ஏழு மணிக்கு என்ன குட் மார்னிங்?"

"இன்டர்வியூ காலையிலதானேங்க..."

டிங்! குழுவிடம் தமிழில் விளக்கம் சொல்வதும் பிழையே.

இந்த ஸ்பூன் முறை என் சொந்தக் கண்டுபிடிப்பு. பிழை வாயிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள் அதன் தலையில் தட்டிவிட வேண்டும். பலன் கைமேல் கிடைத்தது. நீளமாகப் பேச வந்தவள் இரண்டே வார்த்தை பேசினாள். பிறகு "எஸ்", "நோ". அதற்கும் பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டிய தலையில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை.

"அக்கா பேச்சையே காணோமே மாமா," என்றான் மைத்துனன்.

"தப்பும் காணோம் பாரு மாப்ளே! இதுக்குப் பேர்தான் வளர்ச்சி."

மகள் குறுக்கிட்டாள். "அப்பா, நீங்க ஒரே ஒரு வாக்கியம் பேசிக் காட்டுங்களேன்."

"நடுவர் பந்தை உதைப்பாராம்மா?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி. அவள் பேச்சை மாற்றினாள்.

"அம்மா பாத்திரம் கழுவுறப்ப குழாயைத் திறந்து விட்டுட்டுத் தனியா இங்கிலீஷ் பேசுறாங்க," என்றாள். தண்ணீர் வீணாவதைக் குழு வன்மையாகக் கண்டித்தது.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பயமா இருக்குங்க. வாயைத் திறந்தாலே அந்த ஸ்பூன் சத்தம்தான் காதுல கேக்குது." எனக்குப் புல்லரித்தது. பயிற்சி உள்ளே இறங்கிவிட்டதே!

மறுநாள் 'தார்மீக ஆதரவு' தர நானும் கூடவே போனேன். ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் ஒரு மூலையில் அவளும் மேனேஜரும், எதிர் மூலை சோபாவில் நான். எனக்கு ஒரு காபி கொடுத்து உபசரித்தார்கள். மேனேஜர் வெளிநாட்டுக்காரர். அவர் எதையோ கேட்க, அவள் திக்கித் திணறி ஆரம்பித்து, கையை ஆட்டி, விட்டதைப் பிடித்து, பேசிக்கொண்டே போனாள். அவர் தலையாட்டிச் சிரித்தார். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ ஒரு வார்த்தை இடறியது. கை யாரைக் கேட்டுக்கொண்டு போகிறது?

டிங்!

அவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் காத்திருந்தார். போச்சு, எல்லாம் போச்சு!

அவள் எழுந்தாள். கூடத்தைக் கடந்து நேரே என்னிடம் வந்தாள். என் கப்பிலிருந்து ஸ்பூனை எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். திரும்பிப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

மேனேஜர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் நீளமாக ஏதோ சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தூரத்திலிருந்தே எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நானும் உயர்த்தினேன்.

வேலை கிடைத்துவிட்டது. குழுவின் உழைப்பு வீண்போகவில்லை. வெளியே வந்ததும், எனக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் எண்ணத்தில், "என்னைப் பத்தி அவர்கிட்ட என்ன சொன்னே?" என்றேன்.

"'அவர் யாரு'ன்னு கேட்டாருங்க. 'என் வீட்டுக்காரர். இங்கிலீஷ் பேசணும்னு ரொம்ப ஆசை, ஆனா தப்பு வந்துடுமோன்னு பயந்து இன்னிவரைக்கும் வாயே திறந்ததில்ல. நான் பேசறதைப் பார்த்தாலாவது தைரியம் வரட்டும்னு கூட்டிட்டு வந்தேன்'னு சொன்னேன்." என் முகத்தைப் பார்த்தாள். "அதுல ஏதாவது தப்பு இருந்தா சொல்லுங்க."

வீடு வந்து சேரும்வரை தேடினேன். ஒரு பிழையும் கிடைக்கவில்லை.